வேலிகா உடைத்த ஜாடிகள்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பி வாசலில், அதாவது ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற வீடுகளில், யார் வீட்டில் நேற்று என்ன சமைத்தார்கள் என்பது வேலிகாவுக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. கதவில் காதை வைக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். குப்பைப் பையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருடம் ஊருக்கு வெளியே இருந்த உணவு டப்பா தொழிற்சாலையில், ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று தக்காளி தரம் பிரித்தவள் அவள். நல்லது இந்தப் பக்கம், அழுகல் அந்தப் பக்கம். அடிப்பக்கம் அழுகியிருந்தாலும் மேல்தோலைப் பார்த்தே கண்டுபிடிப்பாள் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். தொழிற்சாலையை மூடிய பிறகு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தாள், பேக்கரியில் நின்றாள். இப்போது அவளுக்கு அறுபத்து நான்கு வயது.

நான் பராஷ்கேவா. அதே வாசலில் இரண்டாம் மாடி. முப்பத்தொரு வருடம் டிராலி பஸ் ஓட்டியவள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஏறி இறங்குகிற வண்டியில் யாரிடமும் வாய் கொடுத்துத் தோற்றவள் இல்லை. வேலிகாவிடம் மட்டும் தோற்றிருக்கிறேன், அதுவும் பல தடவை. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன், அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வாசலுக்கு அவள்தான் தலைவி. இருபத்திரண்டு வீட்டுக்கும் படிக்கட்டு விளக்கு, தண்ணீர்க் குழாய், மொட்டை மாடி ஒழுகல் எல்லாம் அவள் தலையில். தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் கூட்டம் போட்டோம், யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டதும் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம், அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் கதை.

அவள் குடியிருப்பது எட்டாம் மாடியில், உச்சியில். கணவன் ஸ்டாமென் கிரேன் ஓட்டியவர். இந்தக் கட்டடத்தின் சுவர்ப் பலகைகளை எண்பத்திரண்டில் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்ததே அவர்தான். "வாழ்நாள் பூரா மேலேயே உக்காந்திருந்தேன், எப்படா இறங்குவோம்னு இருந்துச்சு. கடைசில வீடும் மேலேயே குடுத்துட்டானுங்க" என்பார். சர்க்கரை வியாதியில் போன வருடம் பிப்ரவரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் வீட்டுக்கு வந்தார். அவர் வந்து ஐந்தாம் நாள் லிஃப்ட் செத்தது.

அன்றிலிருந்து அந்த மனுஷன் தரையில் இறங்கவில்லை. லிஃப்டைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் எல்லா வீடும் செலவில் பங்கு தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மாடி பென்யோ போடவில்லை. குழாய் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவன் அவன், கட்டை விரல் வரைக்கும் கருமித்தனம். "நான் லிஃப்ட் பட்டனையே தொட்டது கிடையாது. நான் ஏன் குடுக்கணும்?" என்றான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு வீடு பின்வாங்கியது. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு என் கடமை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருடம் ஏப்ரலில் அந்த மிஷின் வந்தது.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, நான்கு வாய் உள்ள பச்சைப் பெட்டி. காகிதத்துக்கு ஒரு வாய், பிளாஸ்டிக்கும் தகரமும் போட ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மிச்சக் குப்பைக்கு ஒன்று. வீட்டுக்கு ஒரு கார்டு கொடுத்தார்கள். கார்டைக் காட்டினால் வாய் திறக்கும். உள்ளே கேமரா என்ன விழுகிறது என்று பார்க்கும், தராசு நிறுக்கும். சரியாகப் போட்டால் திரையில் பச்சை முகம் சிரிக்கும். தப்பாகப் போட்டால் சிவப்பு முகம் உம்மென்று பார்க்கும். அதோடு ஒரு பெண் குரல் வேறு, "நன்றி" என்றோ "மறுபடி பாருங்கள்" என்றோ சொல்லும். நாங்கள் அதற்கு ரோசித்ஸா என்று பேர் வைத்தோம். பேர் இல்லாத ஒருத்தி தினமும் நம்மிடம் குறை சொன்னால் எப்படித் தாங்குவது?

வைத்த கம்பெனிக்காரர்கள் ஒரு போட்டியும் அறிவித்தார்கள். எங்கள் பகுதியில் இப்படிப்பட்ட பெட்டி பதினாறு வாசலில் இருக்கிறது. செப்டம்பர் முப்பதாம் தேதி எந்த வாசலுக்குப் புள்ளி அதிகமோ, அந்த வாசலின் லிஃப்டை அவர்களே புதுப்பித்துத் தருவார்கள். அறிவிப்பை ஒட்டிய காகிதத்தின் முன்னால் வேலிகா நின்றதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூன்று தடவை படித்தாள். பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நான்காம் தடவை படித்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்களுக்குச் சனி.

காலை ஏழு மணிக்கு எட்டு மாடி இறங்கி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். கையில் ரப்பர் உறை. பையோடு யார் வந்தாலும் முதலில் அவளுடைய பரிசோதனை, அப்புறம்தான் ரோசித்ஸா.

"ஏண்டி பராஷ்கேவா, இந்தத் தயிர் டப்பாவைக் கழுவினியா, நக்கினியா?"

"நக்கித்தான் கழுவினேன். உனக்கென்னடி?"

"மூலையில பாரு, இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. நக்கத் தெரிஞ்சவ முழுசா நக்க வேணாமா? மேல கொண்டுபோய்க் கழுவிட்டு வா."

நான் கழுவிவிட்டு வந்தேன். என்ன செய்வது, திரும்பி வரும்வரை பையைக் கொடுக்க மாட்டாளே.

பென்யோவை அவள் விட்டதே இல்லை. அவன் பீட்சா அட்டையைக் காகிதத்தில் போடப் போனான். "எண்ணெய் ஊறின அட்டை காகிதமா? உன் மூஞ்சியில எண்ணெய் வழிஞ்சா உன்னைப் பொரிச்ச மீனுன்னு சொல்லலாமா?" என்றாள். அவன் அட்டையை அவள் காலடியில் போட்டுவிட்டுப் போனான். அவள் கத்தரிக்கோல் கொண்டுவந்து எண்ணெய் பட்ட பாகத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, மீதியைத் தன் கார்டில் போட்டாள். பச்சை முகம் சிரித்தது.

ரோசித்ஸாவையும் அவள் சும்மா விடவில்லை. உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பால் அட்டையைக் காட்டிப் பார்ப்பாள். மிஷின் தடுமாறினால் அவளுக்கு ஒரே குஷி. "பட்டையில நின்னு முதல் மாசம் நானும் இப்படித்தான் தடுமாறினேன். பழகிடுவா பொண்ணு" என்பாள். நிஜமாகவே சொல்கிறேன், அந்தப் பெட்டி மேல் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது. மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அதன் திரையைத் தன் ஏப்ரனால் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு மூன்று முறை மேலே ஏறுவாள். ஸ்டாமெனுக்கு ஊசி, சாப்பாடு, கழிப்பறை. என் கதவைத் தாண்டும்போது அவள் மூச்சு கேட்கும். ஐந்தாம் மாடியில் ஒரு நிமிடம் நிற்பாள், அதுவும் கேட்கும்.

ஆகஸ்ட் முடியும்போது புள்ளிப் பட்டியல் வந்தது. நாங்கள் நான்காவது இடம். காகிதத்தில் முதலிடம், பிளாஸ்டிக்கில் முதலிடம், மிச்சக் குப்பை எங்களைப் போலக் குறைவாக யாருக்கும் இல்லை. அப்படியும் நான்காவது. சாண் ஏறினால் முழம் சறுக்குவது என்பார்களே, அது. வேலிகா கம்பெனிக்கு போன் போட்டாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஆளை அனுப்புகிறோம், போதும் தாயே என்று அவர்களே கெஞ்சுகிற வரைக்கும் போட்டாள்.

செப்டம்பர் பாதியில்தான் ஆள் வந்தான், பேர் விஹ்ரென். முப்பது வயது இஞ்சினியர், தலைநகர் சோபியாவிலிருந்து காரில் வந்தான், கையில் கம்ப்யூட்டர். நாங்கள் நான்கைந்து பெண்கள் அவனைச் சுற்றி நின்றோம்.

"உங்க வாசல்ல ஒண்ணே ஒண்ணுதான் பிரச்சினை. கண்ணாடி" என்றான்.

"கண்ணாடியை நாங்க எங்கேயும் தப்பாப் போடலியே தம்பி" என்றாள் வேலிகா.

"அதான் அத்தை பிரச்சினை. நீங்க போடவே இல்லை. ஐம்பத்து மூணு பேர் இருக்கிற வாசல். அஞ்சு மாசத்துல ஒரு ஜாடி கூட விழலை. இத்தனை பேர் இருந்தா இத்தனை கிலோ கண்ணாடி வரும்னு கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு இருக்கு. வரலைன்னா, மிச்சக் குப்பையில ஒளிச்சுப் போடுறாங்கன்னு அது சந்தேகப்படும். அதுக்குப் புள்ளியைக் குறைக்கும்."

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நான்காம் மாடி மின்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஜாடியை எவளாவது தூக்கிப் போடுவாளா?"

பல்கேரியாவில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்பாள். ஊறுகாய் தீர்ந்தால் ஜாடி காலி ஆகும், காலி ஆனால் கழுவி நிலவறையில் அடுக்குவோம், செப்டம்பர் வந்தால் மறுபடி நிரப்புவோம். சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோல் உரித்து, தக்காளியோடு கொப்பரையில் கிளறி லியூதெனித்சா செய்து ஜாடியில் அடைக்காத வீட்டில் குளிர்காலம் எப்படி வரும்? சந்தையில் புது ஜாடி விற்கிறார்கள்தான். காசு கொடுத்து வெறும் ஜாடி வாங்குகிறவளை எங்கள் வாசலில் ஒருத்தியும் மதிக்க மாட்டாள்.

வேலிகா அந்தப் பையனை உற்றுப் பார்த்தாள். தக்காளியைப் பார்க்கிற பார்வை.

"ஏம்ப்பா, உங்கம்மா உனக்கு லியூதெனித்சா அனுப்புறாங்கல்ல?"

"அனுப்புவாங்க."

"தின்னு முடிச்சதும் அந்த ஜாடியை எந்தத் தொட்டியில போடுவே?"

அவன் காது சிவந்தது. "திருப்பிக் குடுத்துடுவேன் அத்தை. இப்பவும் கார் டிக்கில பதினாலு இருக்கு. மறந்துட்டுப் போனா அம்மா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பென்யோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். பையனும் சிரித்தான். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் வேறு ஏதோ நாட்டில் இருக்கிறார்களாம், அடுத்த வருடம்தான் மாற்ற முடியுமாம். "முப்பதாம் தேதிக்குள்ள கண்ணாடி விழுந்தா சந்தேகம் போயிடும். முதலிடம் கூட வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலையே வேலிகா கதவு கதவாகத் தட்ட ஆரம்பித்தாள். அவளைத் திட்டிக்கொண்டே தயிர் டப்பா கழுவிய வாசல் இது. ஆனால் ஜாடி என்றதும் எல்லாக் கதவும் இறுகிவிட்டது. மின்கா தலைவலி என்றாள். மூன்றாம் மாடிக்காரி ஜாடிகள் தன் மாமியாருடையவை என்றாள். அந்த மாமியார் செத்து ஒன்பது வருடம் ஆகிறது.

என்னிடம் வந்தாள்.

"நிலவறையில உங்கிட்ட நூறு இருக்கும்ல?"

"நூத்திப் பன்னெண்டு. ஒண்ணு கூடத் தர மாட்டேன். மிளகா வேற வாங்கியாச்சு. பால்கனியில ரெண்டு மூட்டை கிடக்கு."

"ஸ்டாமெனுக்காகக் கேக்கலைடி. வாசலுக்காக."

"வாசலுக்கு என்ன, ரெண்டாம் மாடிக்கு நான் நடந்துக்கிறேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் திரும்பி மேலே ஏறிப் போனாள். ஐந்தாம் மாடியில் நிற்பது கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஒரு சத்தம். கண்ணாடி உடைகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வேலிகா தன் நிலவறையிலிருந்த ஜாடிகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் வைத்திருந்தாள். கண்ணாடி வாய் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் வாங்கும். கார்டைக் காட்டுவாள், வாய் திறக்கும், ஒரு ஜாடியை உள்ளே வைப்பாள், அது இரும்புத் தொட்டியில் விழுந்து உடையும், ரோசித்ஸா "நன்றி" என்பாள். மறுபடி கார்டு.

எல்லாம் நல்ல ஜாடிகள். திருகு தேயாத, வாய் சில்லுப் போகாத, கொதிக்கிற தண்ணீரில் எத்தனையோ தடவை நின்ற ஜாடிகள். ஒவ்வொன்று உடையும்போதும் எனக்கு முதுகில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. மற்ற ஜன்னல்களிலும் தலைகள். நான் காபி போட்டேன், குடிக்கவில்லை. ரேடியோ போட்டேன், அதையும் தாண்டிக் கேட்டது. நாற்பது, ஐம்பது என்று தன்னாலே மனம் எண்ணிக்கொண்டே போனது. எழுபதில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேலா, என் மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நிலவறைச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு கூடை ஜாடியைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் தொப்பென்று வைத்தேன்.

"நகருடி. என் ஜாடியை நீ உடைக்கக் கூடாது. நானே உடைப்பேன்."

அவள் நகர்ந்தாள். முதல் ஜாடியை உள்ளே வைக்கும்போது கை வரவில்லை. வைத்தேன். உடைந்தது. "நன்றி" என்றாள் ரோசித்ஸா. "போடி சனியனே" என்றேன் நான். வேலிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் மின்கா வந்தாள். மாமியார் ஜாடிகள் வந்தன. மத்தியானத்துக்குள் பெட்டியிலிருந்து படிக்கட்டு வரைக்கும் வரிசை. அழுதவளும் உண்டு, எரிச்சலில் பலத்தைக் காட்டி எறிந்தவளும் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆயிரத்து நூறு ஜாடியைத் தாண்டியிருந்தது. எட்டாம் மாடி ஜன்னலில் ஸ்டாமென் ஒரு கையை ஆட்டினார். நாங்கள் எல்லாரும் கையை ஆட்டினோம். அன்றைக்கு மாதிரி எங்கள் வாசல் ஒற்றுமையாக இருந்ததே இல்லை.

செப்டம்பர் முப்பது. முடிவு வந்தது. நாங்கள் பதினோராவது.

இந்தத் தடவை விஹ்ரென் தானாகவே வந்தான். காரை விட்டு இறங்கும்போதே தலை குனிந்திருந்தது.

"ஒரே நாள்ல ஆயிரத்து நூறு ஜாடியா அத்தை? அஞ்சு மாசமா ஒண்ணு கூட இல்ல, திடீர்னு இவ்வளவு. புள்ளிக்காக வெளியில இருந்து கொண்டுவந்து கொட்டுறாங்கன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுச்சு. அதுக்கு அபராதப் புள்ளி. நான் மேல பேசிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். வாரத்துக்குக் கொஞ்சமாப் போடுங்கன்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணலை."

வேலிகா அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. "நீ என்னப்பா பண்ணுவே" என்றாள். முக்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

இரண்டு நாள் அவள் கீழே வரவில்லை. படிக்கட்டில் யாரும் கத்தவில்லை. பெட்டியில் யாரோ எண்ணெய் அட்டையை அப்படியே போட்டு சிவப்பு முகம் வந்தது, கேட்க ஆள் இல்லை. எங்கள் பால்கனிகளில் மிளகாய் மூட்டைகள் வாட ஆரம்பித்தன. ஜாடியும் போச்சு, லிஃப்டும் போச்சு, மிளகாயும் போகப் போகிறது. பெண்கள் என்னிடம் வந்து பொருமினார்கள். "நீதான் அவளுக்கு நெருக்கம். போய் நாலு வார்த்தை கேளு" என்றாள் மின்கா.

கேட்கத்தான் போனேன். எட்டு மாடி. நான் அங்கே ஏறி இரண்டு வருடம் இருக்கும். நான்காம் மாடியில் என் முழங்கால் கெஞ்சியது. ஐந்தாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இதை அவள் தினமும் மூன்று தடவை ஏறுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதால் கேட்டது வேறு, காலால் தெரிந்துகொள்வது வேறு.

கதவு திறந்திருந்தது. ஸ்டாமென் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"யாரு, பராஷ்கேவாவா? எட்டு மாடி ஏறிட்டியா? உசுரு இருக்கா, இல்ல ஆவியா வந்திருக்கியா?"

"பாதிதான் வந்திருக்கேன் அண்ணே. மீதி அஞ்சாம் மாடியில கிடக்கு."

அவர் குரலைத் தாழ்த்தி, "சமையலறையில இருக்கா. ரெண்டு நாளா பேசலை. ஏதாவது சண்டை போட்டுப் பேச வை" என்றார்.

வேலிகா மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "திட்டணும்னா திட்டிட்டுப் போடி. உனக்கு உரிமை இருக்கு" என்றாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"இந்த லிஃப்டுக்காக இப்படி உயிரை விட்டியே. நாலு ஆம்பளைங்க சேர்ந்து நாற்காலியோட தூக்கினா அவர் கீழ வந்துட மாட்டாரா? ஏண்டி ஒரு தடவை கூடக் கேக்கலை?"

அவள் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"எப்படிக் கேக்கிறது? பத்து வருஷமா இந்த வாசல்ல நான் திட்டாத ஆள் உண்டா? படிக்கட்டுல சிகரெட்டுக்கு, தயிர் மூடிக்கு, அட்டைக்கு. அதே வாயால என் புருஷனைத் தூக்கிட்டு வாங்கன்னு எப்படிக் கேப்பேன்? நூறு கிலோ மனுஷன். எவனாவது மாட்டேன்னு சொல்லுவான். சொல்லட்டும், நான் தாங்கிக்குவேன். ஆனா இந்தப் படிக்கட்டுல எது பேசினாலும் மேல வரைக்கும் கேக்கும்டி. அவர் காதுல விழுந்துடும்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கேட்கவில்லை, சரி. நாங்கள் ஏன் கேட்கவில்லை? பதினெட்டு மாதம் அவள் மூச்சு என் கதவைத் தாண்டிப் போயிருக்கிறது. கதவைத் திறந்து "ஸ்டாமென் அண்ணனைக் கீழ கூட்டிட்டு வரவாடி?" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு எந்தக் கம்ப்யூட்டர் தடை போட்டது?

எழுந்து படிக்கட்டுக்கு வந்தேன். கைப்பிடியில் சாய்ந்து, நடுரோட்டில் லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினேன்.

"ஏய் பென்யோ! வாசல்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல வா! ஸ்டாமென் அண்ணனைக் கீழ இறக்கணும்!"

சமையலறையிலிருந்து வேலிகா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "ஐயோ, அவனையாடி முதல்ல கூப்பிடுவே?" என்றாள். முகம் வெளுத்திருந்தது. கீழே ஒரு கதவு திறந்தது. காலடிச் சத்தம் ஏற ஆரம்பித்தது. பென்யோதான், மூச்சு வாங்க, வீட்டுச் செருப்போடு. பின்னால் மின்காவின் கணவன், மூன்றாம் மாடி அண்ணன் தம்பி இரண்டு பேர்.

வேலிகா அவனிடம் ஏதோ சொல்ல வந்தாள். அவன் விடவில்லை.

"என்ன அப்படிப் பாக்குறே? லிஃப்டுக்குக் காசு குடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ஆளைத் தூக்க மாட்டேன்னா சொன்னேன்? நீ கேட்டியா? எங்கே, அந்தக் கை வச்ச நாற்காலியைக் கொண்டா. குளியல் தொட்டியையே முதுகுல சுமந்தவன் நான், இவரு என்ன பெரிய வெயிட்டு."

தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. ஸ்டாமென் ஒவ்வொரு கதவையும் பார்த்து ஏதோ சொன்னார். "இது எப்பப் பச்சை பெயின்ட் அடிச்சீங்க?" "அட, பேத்தியா? போன தடவை பாக்கிறப்ப வயித்துல இருந்தா." ஏழு மாடி அப்படியே வந்தார். கடைசி மாடியில் தெருக் கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். தரையில் நாற்காலியை வைத்ததும் ஒற்றைக் காலை மண்ணில் ஊன்றி, தேய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார்.

"ஆறாவது மாடி மூலை கோணல். வைக்கும்போதே சொன்னேன், ஒருத்தனும் கேக்கலை" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவே இல்லை.

வந்ததோடு வந்தது, மிளகாய் மூட்டைகளையும் இறக்கினோம். ஜாடி இல்லாவிட்டால் என்ன, கொப்பரை இருக்கிறதே. பெட்டிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினோம். மிளகாய் சுட்ட புகை எட்டாம் மாடி வரைக்கும் போனது. ஸ்டாமென் உட்கார்ந்தபடியே மிளகாய்த் தோல் உரித்தார். அவர் உரித்ததை வேலிகா வாங்கி மறுபடி சரி பார்த்தாள், பழக்கம் விடுமா? கொப்பரை இறங்கியதும் அடைத்து வைக்க இடம் இல்லாததால் அங்கேயே ரொட்டியில் தடவித் தின்றோம். குளிர்காலத்துக்கு என்று ஒரு கரண்டி கூட எடுத்து வைக்காமல் லியூதெனித்சா தின்றது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான். வயிறு புடைக்கத் தின்றோம். பென்யோ ராக்கியா சாராயம் கொண்டுவந்தான், யாரும் கேட்காமலே. இதை நான் எழுதி வைக்க வேண்டும்.

லிஃப்ட் இன்றைக்கும் ஓடவில்லை. விஹ்ரென் நச்சரித்ததில் அந்தக் கணக்கை அடுத்த வருடத்துக்கென்று திருத்திவிட்டார்களாம். ஜாடி வைத்துக்கொள்கிற வீட்டைச் சந்தேகப்பட மாட்டாளாம் ரோசித்ஸா. இப்போது எங்களிடம் ஏது ஜாடி?

அன்று இருட்டுவதற்கு முன்னால் ஸ்டாமெனை மறுபடி மேலே கொண்டுபோனார்கள். இறங்கியதை விட ஏறியது கஷ்டம். நாற்காலியை வீட்டுக்குள் வைத்துவிட்டு பென்யோ வெளியே வந்து கைகளை உதறினான். வேலிகா வாசலில் நின்றாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், என் முழங்காலுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று பென்யோ கேட்டான்.

பத்து வருடமாக எங்கள் எல்லாருக்கும் நேரம் குறித்துக் கொடுத்தவள் அவள். குப்பைக்கு நேரம், படிக்கட்டு கழுவ நேரம், கூட்டத்துக்கு நேரம். அன்றைக்கு அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்பத் தோதுப்படும்?" என்று கேட்டாள்.